சர்வர் மாற்றியதும் மெயில் ஃபோல்டர்கள் காணவில்லையா? டிஸ்கிலிருந்து திரை வரை தேடும் முழு வழிகாட்டி

சனிக்கிழமை ராத்திரி மெயில் சர்வரை மாற்றிவிட்டு ஞாயிறு முழுக்கத் தூங்கி எழுந்தால், திங்கள் காலை ஒன்பதரைக்கு முதல் போன் வரும். "சார், என் ஃபோல்டர் ஒண்ணையும் காணோம்." அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் நாலு போன். இன்பாக்ஸ் இருக்கிறது, புது மெயில் வருகிறது, அனுப்பினால் போகிறது. பத்து வருடமாகக் கிளையன்ட் வாரியாகப் பிரித்து வைத்த ஃபோல்டர்கள் மட்டும் இல்லை.

இந்த வேலையில் நான் பார்த்தவரை, பத்தில் ஒன்பது தடவை மெயில் தொலைந்திருப்பதில்லை. டிஸ்கில் பத்திரமாக இருக்கும். அங்கிருந்து பயனரின் திரைக்கு வரும் வழியில் எங்கோ மறைந்திருக்கும். அந்த வழியில் நாலு வாசல் உண்டு: டிஸ்க், சர்வர் கொடுக்கும் ஃபோல்டர் பட்டியல், பயனர் காட்டச் சொல்லித் தேர்ந்த ஃபோல்டர்களின் சந்தாப் பட்டியல், கடைசியில் தண்டர்பேர்ட் அல்லது அவுட்லுக் போன்ற மெயில் நிரல். எந்த வாசலில் நிற்கிறது என்று தெரியாமல் கண்ட கட்டளையை ஓட்டினால் இருப்பதும் கெடும்.

ஐமேப் என்பது மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு படிக்கும் முறை; கூரியர், டவ்காட் இரண்டும் அதற்கான சர்வர் நிரல்கள். நான் அதிகம் கையாண்டது கூரியர் ஐமேப்பிலிருந்து டவ்காட்டுக்கு மாறும் வேலை, மெயிலை டிஸ்கில் சேமிக்கும் மெயில்டிர் வடிவத்தில். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். டவ்காட் 2.3-இல் இருக்கும் அமைப்புப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறேன். 2025 ஜனவரியில் வந்த 2.4-இல் பல பெயர்கள் மாறிவிட்டன. மெயில் இருக்கும் இடத்தைச் சொல்லும் மெயில் லொகேஷன் என்ற ஒரே வரி, மெயில் டிரைவர், மெயில் பாத் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. பழைய கான்ஃபிக் கோப்பை அப்படியே ஒட்டினால் 2.4 எழுந்திருக்காது.

தேடும் முன் செய்யக்கூடாதவை

பழைய சர்வரை அழிக்காதீர்கள். மெயில் வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டு டிஸ்கை அப்படியே விடுங்கள்.

அடுத்தது பயனரின் கணினி. சர்வர் மாற்றத்துக்குப் பிறகு இன்னும் மெயிலைத் திறக்காத ஒரு லேப்டாப் யாரிடமாவது இருந்தால் அதன் நெட்டைத் துண்டித்து வையுங்கள். அதில் இருக்கும் உள்ளூர்ப் பிரதி பின்னால் உங்களைக் காப்பாற்றலாம். ஏன் என்றால், ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் யூஐடி என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யூஐடி வேலிடிட்டி என்று இன்னோர் எண். மெயில் நிரல் சர்வரிடம் வந்து "இந்த ஃபோல்டரில் 4521 வரை என்னிடம் இருக்கிறது, மிச்சத்தைக் கொடு" என்று கேட்கும். யூஐடி வேலிடிட்டி மாறியிருந்தால் தன்னிடம் இருக்கும் சேமிப்பு செல்லாது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்கும். தலா 8 ஜிபி வைத்திருக்கும் 30 பேர் என்றால் 240 ஜிபி. அலுவலக இணைய இணைப்பு அன்று முழுக்கத் திணறும்.

டவ்காட் இந்த எண்களை ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் டவ்காட்-யூஐடிலிஸ்ட் என்ற கோப்பில் வைத்திருக்கிறது. முதல் வரியில் 'வி' எழுத்தை ஒட்டி வருவது யூஐடி வேலிடிட்டி, 'என்' எழுத்தை ஒட்டி வருவது அடுத்த மெயிலுக்குரிய எண். எதைத் தொடுவதற்கு முன்னும் இந்தக் கோப்புகளை எல்லாம் ஒரு பேக்கப் எடுங்கள். இண்டெக்ஸ், இண்டெக்ஸ் லாக், கேச் ஆகிய கோப்புகளை மெயில்டிரில் அழித்தாலும் டவ்காட் திரும்பக் கட்டிக்கொள்ளும். யூஐடிலிஸ்டை அழித்தால் அது நடக்காது. டவ்காட்டின் சொந்தச் சேமிப்பு வடிவமான டிபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கறாரான எச்சரிக்கை: அங்கே படித்தது, படிக்காதது என்ற குறிகளே இண்டெக்ஸில்தான் இருக்கின்றன. கை வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பயனர்களிடம் "காணாமல் போன ஃபோல்டரைப் புதிதாக உருவாக்காதீர்கள்" என்று உடனே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் செய்துவிடுவார்கள். பிறகு ஒரே பெயரில் பழையதும் புதியதும் மோதும்.

முதல் வாசல்: டிஸ்க்

மெயில்டிர் என்பது டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயிலுக்காக 1990-களில் வகுத்த வடிவம். ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. கர், நியூ, டிஎம்பி என்று மூன்று டைரக்டரிகள். உபஃபோல்டர்கள் என்ற விஷயத்தைக் கூரியர்காரர்கள் பின்னால் சேர்த்தார்கள், அதற்குப் பெயர் மெயில்டிர்++. அதில் ஒவ்வொரு உபஃபோல்டரும் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த டைரக்டரி. 'சென்ட்' ஃபோல்டர் டிஸ்கில் '.சென்ட்' என்று இருக்கும். 'கிளையன்ட்' ஃபோல்டருக்குள் '2019' இருந்தால் டிஸ்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்காது; '.கிளையன்ட்.2019' என்று பக்கத்திலேயே நிற்கும்.

இந்தப் புள்ளியில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைவானவை. மெயில்டிருக்குள் போய் 'எல்எஸ்' அடித்தால் தெரியாது, 'ஏ' விருப்பத்தோடு அடிக்க வேண்டும். அதைவிட மோசம்: மெயில்டிர்/* என்று நட்சத்திரம் போட்டு நகலெடுத்தால், பாஷ் ஷெல் அந்த நட்சத்திரத்தைப் புள்ளிப் பெயர்களுக்கு விரிக்காது. கர், நியூ, டிஎம்பி மூன்றும் வந்துவிடும், அதாவது இன்பாக்ஸ் முழுசாக வந்துவிடும். உபஃபோல்டர் ஒன்றுகூட வராது. "இன்பாக்ஸ் இருக்கிறது, மற்றது எல்லாம் போச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அந்த நட்சத்திரத்தின் மேல்தான். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்கு நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். காலை நாலு மணிக்கு நகல் முடிந்ததும் இன்பாக்ஸை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் படுத்தேன்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் ஒரு பயனரின் மெயில்டிருக்குள் 'கர்' என்ற பெயரில் எத்தனை டைரக்டரி இருக்கின்றன என்று 'ஃபைண்ட்' கட்டளையால் எண்ணுங்கள். ஃபோல்டருக்கு ஒரு 'கர்' என்பதால் இதுவே ஃபோல்டர்களின் எண்ணிக்கை, இன்பாக்ஸையும் சேர்த்து. இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் கர், நியூ இரண்டுக்குள்ளும் இருக்கும் கோப்புகளை ஃபோல்டர் வாரியாக எண்ணி ஒப்பிடுங்கள்.

எண் குறைந்தால், விட்டுப்போன புள்ளி டைரக்டரிகளை மட்டும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையால், 'ஏ' விருப்பத்தோடு கொண்டுவாருங்கள். முழு மெயில்டிரையும் மறுபடி ஆர்சிங்க் செய்ய வேண்டாம். மெயில்டிரில் படித்த மெயிலின் கோப்புப் பெயரே மாறும்: கடைசியில் படித்ததற்கு 'எஸ்', பதில் போட்டதற்கு 'ஆர்', நட்சத்திரமிட்டதற்கு 'எஃப்' என்று எழுத்துகள் சேரும். காலையிலிருந்து பயனர் படித்த மெயில்களின் பெயர்கள் எல்லாம் மாறியிருக்கும். ஆர்சிங்க் அதை அறியாது. பழைய பெயரில் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து போட்டு இன்பாக்ஸை இரட்டிப்பாக்கும்.

விட்டுப்போன ஃபோல்டரின் பெயரில் புதிய சர்வரில் ஏற்கெனவே ஒன்று முளைத்திருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'சென்ட்' பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காலையிலிருந்து அனுப்பிய இருபது மெயில் அதில் இருக்கும். அந்தப் பயனரை வெளியேற்றிவிட்டு, புதிதாக முளைத்ததை 'சென்ட்-தற்காலிகம்' என்பதுபோல் பெயர் மாற்றுங்கள். பழையதை அதன் யூஐடி கோப்போடு சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவ்அட்மின் மூவ் கட்டளையால் தற்காலிகத்தில் இருக்கும் இருபதையும் உள்ளே நகர்த்துங்கள். கையால் கோப்புகளை இழுத்துப் போடுவதைவிட இது சுத்தம்.

டிஸ்க் வாசலில் இன்னும் சில குழிகள். ஆர்சிங்க்கில் மூலப் பாதையின் கடைசியில் / போடாவிட்டால் மெயில்டிருக்குள் இன்னொரு மெயில்டிர் உருவாகும். டவ்காட்டுக்கு அது தெரியாது. கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி வருவதால் விண்டோஸ் டிஸ்க் வழியாகவோ ஃபேட் பென்டிரைவ் வழியாகவோ நகலெடுக்கவே கூடாது. வெறும் 'சிபி' கட்டளையால் நகலெடுத்திருந்தால் கோப்புகளின் நேரமுத்திரை இன்றைய தேதியாகிவிடும். மெயில்டிரில் மெயில் வந்து சேர்ந்த தேதி என்று சர்வர் சொல்வது அந்த நேரமுத்திரையைத்தான். அதனால் 2014-ஆம் வருட மெயில்கூட இன்று வந்ததுபோல் வரிசையில் நிற்கும். பயனர் "என் பழைய மெயிலைக் காணோம்" என்பார். அது மேலேயே இருக்கும்.

அப்புறம் உரிமை. பழைய கணினியில் மெயில் கோப்புகளுக்கு உரிமையுள்ள விமெயில் பயனரின் எண் 5000, புதியதில் 1001 என்றால், கோப்புகள் வந்தும் டவ்காட்டால் திறக்க முடியாது. லாகில் 'பெர்மிஷன் டினைட்' என்று வரும். உரிமையாளரை முழு மரத்துக்கும் மாற்றுங்கள். எண் 500-க்குக் கீழே இருந்தால் டவ்காட் இயல்பாகவே மறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரெட்ஹேட் வகை கணினிகளில் உரிமை எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் எஸ்இ-லினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கின் லேபிளைப் பாருங்கள், 'ரெஸ்டோர்கான்' ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் வாசல்: சர்வர் தரும் பட்டியல்

டவ்அட்ம் மெயில்பாக்ஸ் லிஸ்ட் என்று, 'யூ' விருப்பத்தில் பயனரின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். டிஸ்கில் இருப்பது இந்தப் பட்டியலில் வந்துவிட்டால் அடுத்த வாசலுக்குப் போகலாம். வராவிட்டால் மூன்று காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, டவ்காட் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாதை தவறாக இருந்தாலும் அது குறை சொல்லாது. அந்த இடத்தில் காலியான புது மெயில்டிர் ஒன்றைக் கட்டி, காலி இன்பாக்ஸைக் காட்டும். டவ்அட்ம் யூசர் கட்டளை அந்தப் பயனரின் ஹோம் எது என்று சொல்லும். டவ்கான்ஃப் 'என்' விருப்பத்தோடு ஓட்டினால் நடைமுறையில் இருக்கும் அமைப்பு தெரியும். மெயிலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் நிரல் நேரடியாக டிஸ்கில் மெயிலைப் போடும் அமைப்பு என்றால் அதன் பாதையையும் ஒப்பிடுங்கள். அங்கே பாதையின் கடைசியில் / இருந்தால்தான் மெயில்டிர், இல்லாவிட்டால் எல்லா மெயிலும் ஒரே கோப்பாகும் எம்பாக்ஸ். ஒரு சாய்கோட்டை விட்டதற்காக ஒரு நாள் முழுக்க அலைந்தவர்கள் உண்டு.

இரண்டு, லேஅவுட், அதாவது ஃபோல்டர்கள் டிஸ்கில் அடுக்கப்படும் விதம். மெயில் லொகேஷனில் லேஅவுட் 'எஃப்எஸ்' என்று இருந்தால் டவ்காட் புள்ளி வைத்த பெயர்களைத் தேடாது, ஒன்றுக்குள் ஒன்றான டைரக்டரிகளைத்தான் தேடும். கூரியரிலிருந்து வந்த டேட்டாவுக்கு மெயில்டிர்++ லேஅவுட்தான் பொருந்தும்.

மூன்று, நேம்ஸ்பேஸ், அதாவது ஃபோல்டர் பெயர்களுக்குச் சர்வர் வைக்கும் முன்னொட்டும் பிரிப்பானும். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கூரியர் எல்லா ஃபோல்டரையும் இன்பாக்ஸுக்குக் கீழே தொங்கவிடும்: 'இன்பாக்ஸ்.சென்ட்', 'இன்பாக்ஸ்.கிளையன்ட்'. டவ்காட் இயல்பில் முன்னொட்டு எதுவும் வைக்காது, வெறும் 'சென்ட்'. பழைய மெயில் நிரல்களில் 'இன்பாக்ஸ்.' என்ற முன்னொட்டு அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த நிரல் 'இன்பாக்ஸ்.கிளையன்ட்' கேட்கும், சர்வர் அப்படி ஒன்று இல்லை என்று கைவிரிக்கும்.

இரண்டு தீர்வு உண்டு. நேம்ஸ்பேஸின் முன்னொட்டை 'இன்பாக்ஸ்.' என்றும், பிரிப்பானைப் புள்ளி என்றும் வைத்துப் பழைய மாதிரியே நடத்தலாம். அல்லது முன்னொட்டில்லாத புது நேம்ஸ்பேஸோடு, 'இன்பாக்ஸ்.' முன்னொட்டுள்ள இன்னொன்றை மறைவாக, பட்டியலில் வராதபடி வைத்து, பழைய நிரல்களுக்கு மட்டும் அது பதில் சொல்லும்படி செய்யலாம். இரண்டாவது அழகானது என்று பலரும் சொல்வார்கள். நான் முதலாவதைத்தான் செய்வேன். முப்பது பேர் வீட்டிலும் கையிலும் வைத்திருக்கும் போன்களை எல்லாம் நான் திறந்து பார்க்க முடியாது. சர்வர் பழைய முகத்தோடு இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

பழைய பெயர் நிலைத்தால் இன்னொரு தொல்லையும் இல்லை. வரும் மெயிலைத் தானாகப் பிரித்துப் போடும் சீவ் வடிகட்டிகளில் 'இன்பாக்ஸ்.பேங்க்' ஃபோல்டருக்குள் போடு என்று எழுதியிருப்பார்கள். முன்னொட்டை மாற்றினால் அந்த விதிகள் இலக்கைத் தவறவிட்டு எல்லாம் இன்பாக்ஸில் குவியும், அல்லது வேண்டாத இடத்தில் புது ஃபோல்டர் முளைக்கும். முன்னொட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சீவ் கோப்புகளையும் அன்றே மாற்றுங்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள்

இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. ஐமேப் பிறந்தது 1980-களில், யூனிகோட் பரவுவதற்கு முன். ஆங்கிலம் அல்லாத ஃபோல்டர் பெயர்களை அது திருத்திய யூடிஎஃப்-7 என்ற குறிமுறையில் பொதிந்து அனுப்புகிறது. ஐமேப்பின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 3501 அப்படித்தான் சொல்கிறது. பெயர் & குறியில் தொடங்கி, இடையில் புரியாத ஆங்கில எழுத்துகளாக ஓடி, ஹைஃபனில் முடியும். மெயில்டிரில் டிஸ்கிலும் பெரும்பாலும் அதே உருவம்தான். 'கணக்கு' என்ற பெயரில் யூனிகோட் கணக்குப்படி 6 குறியீடுகள். டிஸ்கில் அது 18 எழுத்தாக இருக்கும். தமிழ் எழுத்தில் தொடங்கும் எந்தப் பெயரும் &-க்கு அடுத்து பெரிய 'சி' எழுத்தோடுதான் ஆரம்பிக்கும். புள்ளி, &, 'சி' என்று தொடங்கும் டைரக்டரியைப் பார்த்தால் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது யாரோ ஒருவரின் 'கடன் பாக்கி'யாக இருக்கும்.

பழைய சர்வர் டிஸ்கில் யூடிஎஃப்-8 ஆகவே பெயரை வைத்திருந்தால் டைரக்டரியின் பெயர் நேராகத் தமிழில் தெரியும். நமக்கு வாசிக்க வசதி, ஆனால் யூடிஎஃப்-7 எதிர்பார்க்கும் டவ்காட்டுக்கு அது செல்லாத பெயர். மெயில் லொகேஷனில் யூடிஎஃப்-8 விருப்பத்தைச் சேர்த்தால் படிக்கும். இரண்டு வகையும் கலந்திருந்தால் ஒரு வகைக்கு மாற்றியே தீர வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைத்தும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. 'கோவை கிளை' என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உங்கள் கண்ணைக் கசக்க வேண்டாம். டிஸ்கில் பெயர்களின் நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெயிலை நகர்த்திவிட்டுக் காலியானதை நீக்குங்கள்.

பெயருக்குள் புள்ளி வருவதும் பிரச்சினைதான். மெயில்டிர்++ இல் புள்ளிதான் பிரிப்பான். / பிரிப்பானாக இருந்த வேறு சர்வரில் 'ஏ.பி. டிரேடர்ஸ்' என்று வைத்திருந்த ஃபோல்டர் இங்கே வந்தால் 'ஏ'-க்குள் 'பி' என்று உடையலாம், அல்லது சர்வர் உருவாக்கவே மறுக்கலாம். டவ்காட் 2.3-இல் லிஸ்ட்எஸ்கேப் என்ற பிளக்-இன் இதற்காகவே இருக்கிறது. எனக்குக் கேட்டால், மாற்றத்துக்கு முன்பே புள்ளிகளை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றுவது எளிது.

மூன்றாம் வாசல்: சந்தா

சர்வர் பட்டியலில் இருக்கிறது, பயனருக்குத் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சந்தா. ஐமேப்பில் ஃபோல்டர் இருப்பது வேறு, பயனர் அதற்குச் சந்தா சேர்ந்திருப்பது வேறு. பல நிரல்கள் சந்தா உள்ளதை மட்டுமே காட்டும்.

டவ்அட்ம் மெயில்பாக்ஸ் லிஸ்ட் கட்டளையை 'எஸ்' விருப்பத்தோடு ஓட்டினால் சந்தாவில் உள்ளவை மட்டும் வரும். முன்பு எடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். கூரியர் தன் சந்தாவை கூரியர்ஐமேப்சப்ஸ்கிரைப்ட் என்ற கோப்பில், 'இன்பாக்ஸ்.' முன்னொட்டோடு வைத்திருக்கும். டவ்காட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற கோப்பில், முன்னொட்டில்லாமல் வைக்கும். ஒன்றைப் பெயர் மாற்றி இன்னொன்றாக வைத்தால் வேலை செய்யாது. அந்தக் கோப்பைக் கையால் திருத்துவதையும் நான் தவிர்ப்பேன், புதிய பதிப்புகளில் அதன் உள்வடிவம் மாறியிருக்கிறது. விட்டுப்போனவற்றை டவ்அட்ம் மெயில்பாக்ஸ் சப்ஸ்கிரைப் கட்டளையால் ஒரு லூப் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

உண்மையில் இந்தச் சந்தா வேலையும் யூஐடி வேலையும் மாற்றத்தன்றே முடிந்திருக்க வேண்டும். கூரியர்-டவ்காட்-மைக்ரேட் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் இரண்டையும் மாற்றித் தரும். யாரும் புது சர்வரில் லாகின் செய்வதற்கு முன் ஓட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. லாகின் செய்த பிறகு டவ்காட் தன் யூஐடிலிஸ்டைப் புதிதாக எழுதியிருக்கும், பழையதைத் திணித்தால் குழப்பம்.

நான்காம் வாசல்: பயனரின் நிரல்

தண்டர்பேர்டில் கணக்கின் சர்வர் அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குப் போனால் ஐமேப் சர்வர் டைரக்டரி என்று ஒரு பெட்டி இருக்கும், சந்தா உள்ளதை மட்டும் காட்டு என்று ஒரு டிக்கும் இருக்கும். அவுட்லுக்கில் அதே விஷயத்துக்கு ரூட் ஃபோல்டர் பாத் என்று பெயர். சர்வரின் முன்னொட்டு மாறியிருந்தால் இந்தப் பெட்டியைக் காலியாக்குங்கள். ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் மெயில்கள் குளறுபடியாகத் தெரிந்தால் தண்டர்பேர்டின் ரிப்பேர் ஃபோல்டர் போதும்.

இரண்டு 'சென்ட்' தெரிகிறது என்ற புகார் கட்டாயம் வரும். அவுட்லுக் 'சென்ட் ஐட்டம்ஸ்' என்று வைக்கும், ஆப்பிள் மெயில் 'சென்ட் மெசேஜஸ்', தண்டர்பேர்ட் 'சென்ட்'. எது அனுப்பியவை, எது குப்பை என்று சர்வரே அடையாளம் சொல்லும் முறையை 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6154 வகுத்தது. டவ்காட்டில் மெயில்பாக்ஸ் பகுதியில் 'ஸ்பெஷல் யூஸ்' என்று ஒரு வரி எழுதினால் அதைப் புரிந்துகொள்ளும் நிரல்கள் தாமாக ஒரே ஃபோல்டரைப் பிடித்துக்கொள்ளும். பயனர் எதில் அதிக மெயில் வைத்திருக்கிறாரோ அதற்கு அந்த அடையாளத்தைக் கொடுங்கள்.

மிச்சம் இருப்பவை

மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையைப் பயன்படுத்துபவர் யாராவது இருந்தால், அதில் மெயிலுக்கு அடையாளமான யூஐடிஎல் வடிவத்தைப் பழைய சர்வரோடு பொருத்துங்கள், இல்லாவிட்டால் அவர் எல்லா மெயிலையும் இன்னொரு தடவை இறக்குவார். கோட்டா, அதாவது பயனருக்கான இட அளவு, தவறாகக் காட்டினால் டவ்அட்ம் கோட்டா ரீகால்க். இண்டெக்ஸ் பிழை என்று லாகில் வந்துகொண்டே இருந்தால் டவ்அட்ம் ஃபோர்ஸ்-ரீசிங்க், ஆனால் மேலே சொன்ன யூஐடி பேக்கப் கையில் இருந்தால் மட்டும்.

பழைய சர்வர் உயிரோடு இருந்து, அதன் டிஸ்க் வடிவம் கைக்கு அடங்காததாக இருந்தால், கோப்புகளோடு மல்லாடாமல் ஐமேப்சிங்க் நிரலைப் பயன்படுத்துங்கள். ஐமேப் மொழியிலேயே இரண்டு சர்வரோடும் பேசும் என்பதால் டிஸ்கில் எப்படி இருக்கிறது என்ற கவலை இல்லை. முதலில் 'டிரை' விருப்பத்தோடு ஓட்டி, எந்த ஃபோல்டர் எந்தப் பெயரில் போகப்போகிறது என்று படித்துப் பாருங்கள். இதில் யூஐடிகள் புதிதாகத்தான் வரும், எல்லோரும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் திங்களுக்குள் முடியும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் "பழைய சர்வரை அணைத்துவிடலாமா?" என்று கேட்பார்கள். அணைக்கலாம். டிஸ்கை மட்டும் ஒரு முழு நிதியாண்டு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். அந்தத் தணிக்கையாளர் அலுவலகத்தில் ஒருவர், வருமான வரித் தாக்கலுக்காக வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் திறக்கும் ஃபோல்டரை ஜூலையில்தான் தேடினார். நாங்கள் சர்வரை மாற்றியது பிப்ரவரியில். டிஸ்க் பீரோவில் இருந்ததால் அன்று மாலைக்குள் எடுத்துக் கொடுத்தேன்.